பச்சைமலை முதல் பூம்புகார் வரை

அரும்பாவூர்

பச்சைமலையின் கீழ்ச்சரிவு சமவெளியோடு வந்து கலக்கும் இடத்தில், ஏரிக்கரையை ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் எங்கள் அரும்பாவூருக்கும் சமுத்திரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்றே எவரும் சொல்லிவிடுவர். கடற்கரைக்குப் போக வேண்டுமானால் பெரம்பலூரையும் அரியலூரையும் தாண்டி, கொள்ளிடத்தைக் கடந்து, காவிரியின் கடைமடை வரையில் போயாக வேண்டும். எங்கள் முன்னோரில் கடலைக் கண்ணால் காணாமலே ஆயுளை முடித்தவர்கள் அநேகர். ஆயினும், மலையடிவாரத்துப் பட்டறைகளில் உட்கார்ந்துகொண்டு இவ்வூர்க் கைவினைஞர்கள் செதுக்குகின்ற மரச்சிற்பங்கள் கப்பலேறி அயல்தேசங்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கடலைப் பாராத ஊரின் வேலைப்பாடு கடலைக் கடந்து போவது எப்படி, அதற்கு நடுவில் நிற்கும் நகரங்கள் எவ்வாறு எழுந்து எவ்வாறு செழித்தன என்ற சிந்தனையே என்னை இந்தப் பிரயாணத்துக்குக் கிளப்பியது.

எங்கள் தெருக்களில் உளிச்சத்தம் கேளாத பொழுது குறைவு. வாகை, மா, வேம்பு, நூக்கு முதலிய மரங்களின் கட்டைகள் பட்டறை வாசல்களில் அடுக்கிக் கிடக்கும். பக்கத்திலுள்ள தழுதாழையிலிருந்து வந்த குடும்பங்களே இக்கலையை இங்கே வேரூன்றச் செய்தன என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கோயில் தேர்களுக்கும் சுவாமி வாகனங்களுக்கும் உளி பிடித்த பரம்பரை இன்று வீட்டுக் கூடங்களுக்கான விநாயகர்களையும் நடராஜர்களையும் செய்து தருகிறது. 2020-ஆம் ஆண்டில் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஊர்ப் பெயர் பத்திரிகைகளில் வந்ததென்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

நான் போயிருந்த பட்டறையில், ஓர் ஆள் இடுப்பளவு உயரமுள்ள வாகைக் கட்டையிலிருந்து வேணுகோபாலன் ஒருவர் பாதி வெளிப்பட்டு நின்றுகொண்டிருந்தார். முகம் இன்னும் முட்டையாக இருந்தது. கண்ணும் மூக்கும் வரவில்லை. ஆனால் இடுப்புக் கச்சையின் மடிப்புகள் முடிந்துவிட்டன. புல்லாங்குழலுக்கும் மார்புக்கும் இடையில் ஒரு விரற்கடை மரத்தை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அது ஏன் என்று கேட்டேன். குழலை இப்பொழுதே தனித்து நிற்கும்படி செய்துவிட்டால், மற்ற இடங்களில் கொட்டாப்புளி விழும் அதிர்ச்சியிலேயே அது முறிந்துபோகும்; ஆகவே கடைசி நாளன்று மெல்லிய உளியால் அந்தப் பாலத்தை அறுத்தெடுப்பது வழக்கம் என்று விளக்கினார் சிற்பியார். அதுவரையில் பகவானும் அவருடைய குழலும் ஒரே மரமாகத்தான் இருக்க வேண்டும்.

"இது எங்கே போகிறது, தம்பி?" என்றேன்.

"பூம்புகாருக்குண்ணே" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் விற்பனை நிலையங்களுக்குப் 'பூம்புகார்' என்று பெயர். அவர் சொன்னது அந்தக் கடையைத்தான். ஆனால் எனக்கோ, அந்தச் சமயத்தில் கிரேக்க தேசத்துப் பழைய நகரங்களின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தபடியால், மனம் வேறு வழியே ஓடிற்று. கொரிந்து என்ற நகரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்தவ வேதத்தில் கொரிந்தியருக்கு எழுதிய நிருபங்கள் இரண்டு இருப்பதால் அப்பெயர் நம்மவர் செவிக்குப் புதிதன்று. வடகிரேக்கத்தையும் தென்கிரேக்கத்தையும் இணைக்கின்ற ஒடுங்கிய பூசந்தியின் மேல், இரண்டு கடல்களைப் பார்த்தபடி இரண்டு துறைமுகங்களை வைத்துக்கொண்டிருந்த நகரம் அது. மேற்கே லெக்கேயம், கிழக்கே கெங்கிரேயா. இந்த இரட்டைத் துறைமுகங்களே கொரிந்தின் ஐசுவரியத்துக்குக் காரணமென்று ஸ்திராபோ எழுதிவைத்தான். அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதியை ஹெரோடோட்டஸ் வேறொரு விஷயத்தைப் பேசும்போது போகிறபோக்கில் சொல்லிவிடுகிறான்: கிரேக்கர்களுக்குள்ளே கைத்தொழில் செய்கிறவர்களை எல்லோரிலும் குறைவாக இகழ்ந்தவர்கள் கொரிந்தியர்களே என்று. அதிகமாக மதித்தவர்கள் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை பாருங்கள்! கைவேலைக்காரன் இகழப்படுவது உலகத்தின் நியதி, அதில் கொரிந்து மட்டும் சற்றே விலகி நின்றது, அவ்வளவுதான். அந்தச் சிறிய விலகலுக்குக் கிடைத்த பலன் சிறிதன்று. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் கொரிந்துக் குயவர்கள் வனைந்த சின்னஞ்சிறு வாசனைத் தைலக் குப்பிகள் இத்தாலியிலும் சிசிலித் தீவிலும் மத்தியதரைக் கடலின் கரைகளெங்கும் இன்றும் தோண்டத் தோண்டக் கிடைக்கின்றன.

நம் நாட்டில் அதற்கு ஈடாகச் சொல்லத்தக்க வணிக நகரம் எது என்று யோசித்தால், சிற்பியாரின் வாயிலிருந்து வந்த அந்தப் பெயரைத் தவிர வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. கடையை விட்டுவிட்டு, பெயருக்குரிய ஊரையே பார்த்து வருவதென்று புறப்பட்டேன்.

சாத்தனூர்

பெரம்பலூர்ச் சீமை, வெயிலும் காற்றும் சேர்ந்து வறுத்தெடுக்கும் சீமை. கரிசல் நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும், அவற்றுக்கு நடுநடுவே எங்கள் பக்கத்துப் பெருமையான சின்ன வெங்காயமும் விளைகின்றன. சாலையோரத்து வேப்பமர நிழலில் கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன். மோர்மிளகாயும் உரித்த வெங்காயமும் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார். வெங்காயத்தின் காரம் மூக்கில் ஏறியது. அவருடைய சொந்தக் காட்டில் விளைந்ததாம். இவ்வருஷம் விலை எப்படி என்று விசாரித்தேன்.

"வெலைய நாமளா சாமி சொல்றோம்? வெளைய வைக்கிறது நாம, வெல வைக்கிறது மண்டிக்காரரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

வாணிபத்தின் சரித்திரம் முழுவதையும் அந்த அம்மாள் ஒரு வாக்கியத்தில் அடக்கிவிட்டதாக எனக்குப் பட்டது. பொருளாதார சாஸ்திரிகள் இதற்குத் தடித்தடியாகப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள்.

அங்கிருந்து சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்க்கப் போனேன். வேலியிட்ட ஒரு தோட்டத்துக்குள், பள்ளமான ஓர் ஓடைக்கரையில், 18 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள மரமொன்று கல்லாய்க் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் இதனை 1940-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னே, இன்றைய கரையிலிருந்து வெகுதூரம் உள்நாட்டுக்குள் கடல் புகுந்து இப்பிரதேசத்தை மூடியிருந்த காலத்தில், கரையோரத்து மரமொன்று அடித்துவரப்பட்டு, கடலடி மணலிலும் சேற்றிலும் புதைந்து, அணு அணுவாய்த் தன் மரத்தன்மையை இழந்து கல்தன்மையை ஏற்றுக்கொண்டது. தொட்டுப் பார்த்தேன். பட்டையின் வரிகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் கைக்குத் தட்டுப்படுவது குளிர்ந்த கல். கடலோடு எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றேனே, அது மனிதக் கணக்கில் மட்டுமே செல்லும். பூமியின் கணக்கில் நாங்கள் பழைய கடற்கரைவாசிகள்.

காவலுக்கு இருந்த இளைஞர் ஒருவர், "ஐயா, இந்த மரத்தை வெட்டிச் செதுக்க முடியுமா என்று போன வாரம் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் கேட்டார்" என்றார். கேட்டவர் யாராயிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது.

அரியலூர்

அரியலூரைப் பற்றி விஸ்தாரமாக எழுத ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் அவ்வூர்ச் சாலையில் அரைநாழிகை நின்று பார்க்க வேண்டும். அந்தப் பழைய கடலின் சிப்பியும் நத்தையும் படிந்து படிந்து உண்டான சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்துச் சிமெண்டாக்கும் ஆலைகள் இங்கே பல. கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, வெண்புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகின்றன. வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தில் அக்கடலின் பிராணிகளைக் கல்வடிவில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். சாலையிலோ அதே பிராணிகள் மூட்டையாய் மாறுவதற்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

லாரி வரிசைக்கு வழிவிட்டு நின்றபோது, கொரிந்தியர்கள் தங்கள் பூசந்தியின் குறுக்கே போட்டிருந்த கல்பாவிய பாதை நினைவுக்கு வந்தது. தென்கிரேக்கத்தின் முனைகளைச் சுற்றிக்கொண்டு போகும் கடல்வழி புயலுக்குப் பேர்போனது. அந்த அபாயத்துக்கு அஞ்சிய மாலுமிகள் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குத் தரைமார்க்கமாகவே சரக்கையும், சில சமயங்களில் மரக்கலத்தையுங்கூட, உருளைவண்டியில் ஏற்றி இழுத்துச் சென்றார்கள். கி.மு. 600-ஐ ஒட்டி அந்தப் பாதை அமைந்தது. வண்டித் தடங்கள் கல்லில் பதிந்து இன்றும் காணக் கிடக்கின்றன. கடல்வாணிபம் என்று நாம் பேசும்பொழுது பாய்மரங்களை மட்டுமே மனக்கண்ணில் காண்கிறோம். எருதுகளும் அச்சாணிகளும் வழிப்புழுதியும் அந்தச் சித்திரத்தில் வருவதில்லை. பூம்புகாருக்கு மிளகுப் பொதிகள் வண்டியில் வந்தன என்று பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் நம்மைவிடத் தெளிந்த பார்வை உடையவர். கடல்வழி வந்த குதிரைகளைச் சொன்ன உடனேயே அவர் வண்டியையும் சொல்லிவிட்டார்.

கங்கைகொண்ட சோழபுரம்

ஜெயங்கொண்டத்தைத் தாண்டியதும் முந்திரித் தோப்புகள் வருகின்றன. தோப்பு ஓய்ந்த இடத்தில், எவ்வித முன்னறிவிப்புமின்றி, ஆகாயத்தை நோக்கி வளைந்தேறும் விமானம் கண்ணில் படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் நேர்கோட்டில் நிமிர்ந்தெழுவது. ராஜேந்திரன் எடுத்த இந்த விமானமோ சற்றே குழைந்து உட்குவிந்து மேலேறுவது. தந்தையின் கம்பீரத்தை மகன் தன் சாயலில் மாற்றி எழுதினான் என்று ரசிகர்கள் கூறுவர். சண்டேசுவரருக்குச் சிவபெருமான் மலர்மாலை சூட்டும் சிற்பத்தின் எதிரில் நின்றவர்கள் அவ்வளவு எளிதாக நகர மாட்டார்கள், நானும் நகரவில்லை.

ஆனால் நான் இங்கே வந்தது கலையை ரசிக்க மட்டுமன்று. 1025-ஆம் ஆண்டில் கடாரத்தின் மேல் கப்பற்படை செலுத்திய சக்கரவர்த்தியின் தலைநகரம் இது. அந்தப் படையெடுப்பின் காரணத்தைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் பலவாறு சொல்கிறார்கள். சீன தேசத்துக்குப் போகும் கடல்மார்க்கத்தை ஸ்ரீவிஜய அரசு தன் கைக்குள் வைத்திருந்ததைப் பொறாமலே அது நடந்தது என்ற அபிப்பிராயம் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. சோழ அரசவையின் தூதுக்குழுக்கள் 1015-இலும் 1033-இலும் 1077-இலும் சீனத்துக்குச் சென்றன. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் சுமத்திரா தீவின் பாரூஸில் 1088-இல் தமிழ்க் கல்வெட்டு ஒன்றைப் பொறித்து வைத்தார்கள். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் தோண்டியபோது சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. அந்த மேட்டில் இப்பொழுது செங்கல் அடித்தளங்கள் மட்டும் கூரையின்றி நிற்கின்றன. ஓர் ஆட்டுக்காரச் சிறுவன் அந்தப்புரமாக இருந்திருக்கக்கூடிய இடத்தில் தன் மந்தையை மேயவிட்டிருந்தான்.

வெற்றியினால் எழுந்த நகரமும் வியாபாரத்தினால் எழுந்த நகரமும் ஒன்றல்ல. கங்கை நீரைக் குடங்களில் கொணர்ந்து ஏரியில் கொட்டி அதற்குச் சோழகங்கம் என்று பெயரிட்ட மன்னனின் மகோன்னதத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. எனினும், அரசன் ஓரிடத்தைச் சுட்டி இங்கே நகரமாகுக என்று உத்தரவிட்டதனால் உண்டான நகரம், அந்த அரசவம்சத்தின் ஆயுளைத் தாண்டி நிற்பது துர்லபம். கொரிந்திலும் அரசர்கள் இருந்தார்கள். பாக்கியர் என்ற ஒரே குலத்தார் ஆண்டுகொண்டிருந்த அந்நகரைக் கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிப்செலோஸ் என்பவன் கைப்பற்றினான். அவன் மகன் பெரியாந்தர் நாளில் நகரம் உச்சத்தை எட்டியது. பெரியாந்தர் கொடியவன் என்றே பல கதைகள் உண்டு. ஆயினும், சந்தையிலும் துறைமுகத்திலும் வரும் சுங்கத்தோடு அவன் திருப்தியடைந்தான், குடிகள்மேல் வேறு வரி விதிக்கவில்லை என்றும் ஒரு மரபு வழங்கிற்று. கொடியவனுக்குங்கூடக் கணக்குத் தெரிந்திருந்தது! வந்துபோகும் சரக்கின்மேல் சிறிது எடுத்துக்கொண்டால், சரக்கு மறுபடியும் வரும்.

அணைக்கரை

கங்கைகொண்ட சோழபுரத்தின் திருமதில் கற்களில் பெரும்பகுதி எங்கே போயிற்று என்று அறிய ஆவலுள்ளவர்கள் தெற்கே சிறிது தூரம் வந்து கொள்ளிடத்தின் கீழணைமேல் நிற்கலாம். 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் இந்த அணையைக் கட்டியபோது, கைக்கு எட்டிய தூரத்தில் கிடந்த கோயில் மதிலைப் பிரித்துக் கொண்டுவந்தார்கள். கேட்கும்போது நெஞ்சு பதைக்கிறது. ஆனால் அணையின் இருபுறமும் வாய்க்கால்கள் பிரிந்து நெல்வயல்களுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், பதைப்பை முழுதாக வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஆற்றைக் கடந்த மாத்திரத்தில் உலகமே மாறிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் நிறங்கள் கறுப்பும் செம்மையும் சாம்பலும். இங்கே பச்சையிலேயே பத்து விதம். எங்கள் ஊரில் மழை பெய்தால் அது செய்தி. இங்கே தண்ணீர் வராவிட்டால்தான் செய்தி. மயிலாடுதுறைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய கிளப்பில் இலை போட்டு உட்கார்ந்தேன். வாழைப்பூ வடையும் வத்தக்குழம்பும் கெட்டித் தயிரும் பரிமாறினார்கள். பரிமாறியவர் என் ஊரைக் கேட்டார், சொன்னேன், அவருக்கு அந்தப் பெயர் புலப்படவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் என்றதும், "ஓ, மேட்டுச் சீமையா? அண்ணாச்சிக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். வயல்சூழ்ந்த ஊர்க்காரர்களுக்கு, மேட்டு நிலத்திலிருந்து வருபவன் எப்போதும் பசித்தவன் என்ற எண்ணம் இருக்கும்போலும்! எனக்கு அன்று பசி இருந்ததால் ஆட்சேபிக்கவில்லை.

கீழையூர்

காவிரிப்பூம்பட்டினம் இன்று ஓர் ஊரன்று. மேலையூர், கீழையூர், பல்லவனீச்சுரம், சாயாவனம், வானகிரி என்று பல சிற்றூர்களாகச் சிதறிக் கிடக்கும் ஒரு பெயர். சிலப்பதிகாரம் வருணிக்கும் நகரமோ, கடலையொட்டிய மருவூர்ப்பாக்கமும் உள்ளே தள்ளியிருந்த பட்டினப்பாக்கமுமாக இரண்டு கூறுபட்டது. இரண்டுக்கும் இடையில் மரநிழலில் நாளங்காடி கூடிற்று. பட்டினப்பாக்கத்தில் அரசவீதியும் பெருங்குடி வணிகரின் மாளிகைகளும் இருந்தன. மருவூர்ப்பாக்கத்தில், தச்சரும் கன்னாரும் பொற்கொல்லரும் குயவரும் நெசவாளரும், அவர்களுக்கு அயலிலேயே கடல்கடந்து வந்த யவனரும் வாழ்ந்தார்கள். நான் கீழையூருக்குப் போனது அந்த மருவூர்ப்பாக்கத்தின் ஒரு துணுக்கைப் பார்ப்பதற்கு.

1960-களில் தொல்பொருள் துறையினர் இங்கே அகழ்ந்தபோது, பெரிய பெரிய செங்கற்களால் கட்டப்பட்ட படகுத்துறை ஒன்றைக் கண்டார்கள். படகுகளைக் கட்டுவதற்காக நட்டிருந்த மரக்கம்பங்கள் தண்ணீரிலும் சேற்றிலும் மக்காமல் நின்றன. அம்மரத்தைக் கரிக்கணிப்புச் சோதனைக்கு உட்படுத்தியதில், கி.மு. 4-ஆம் அல்லது 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று தெரியவந்தது. கொரிந்து தன் பழைய செல்வாக்கோடு இன்னும் வாழ்ந்துகொண்டிருந்த காலம் அது. மரவேலை செய்யும் ஊரிலிருந்து வந்த எனக்குச் செங்கற்களைவிட அந்தக் கம்பங்களின்மேலேயே எண்ணம் ஓடியது. கடல்நீர் வந்து ஏறி இறங்கும் இடத்தில் எந்த மரம் நிற்கும் என்று தெரிந்த ஒருவன், அதற்குரிய கட்டையைத் தேர்ந்து, முனையைச் சீவி, தலைகீழாய் நட்டிருக்கிறான். அவன் பெயரைச் சிலப்பதிகாரமும் சொல்லவில்லை, சோதனைச்சாலையும் சொல்லாது.

மணிமேகலையில் ஒரு செய்தி வருகிறது. இந்நகரத்துச் சோழமன்னனின் பூஞ்சோலையிலிருந்த மண்டபத்தை அமைக்க, மகதத்துக் கைவினைஞரும் மராட்டத்துக் கம்மியரும் அவந்தி நாட்டுக் கொல்லரும் யவன தேசத்துத் தச்சரும் தமிழ்த் தொழிலாளரோடு கூடி வேலை செய்தார்களாம். யவனத் தச்சர்! கடற்கரையின் மணற்காற்றில், பாஷை புரியாத இரண்டு தச்சர்கள் ஒரே உத்தரத்தின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்துப் பார்க்கிறேன். அளவு சொல்ல அவர்களுக்கு விரல்களே போதுமாயிருந்திருக்கும். கொரிந்திலும் இத்தகைய கலப்பு உண்டு. பிற்காலத்தில் ரோமர் ஆட்சியில் அந்நகருக்குப் போன அப்போஸ்தலர் பவுல், தம் பிரசங்கத்துக்கு இடையில், தம்மைப் போன்ற அந்நியராகிய ஆக்கில்லா என்பவரின் வீட்டில் தங்கிக் கூடாரம் தைக்கும் தொழில் செய்தே ஜீவித்தார் என்று வேதம் கூறுகிறது. கைத்தொழில் தெரிந்தவன் எந்தத் துறைமுகத்திலும் பட்டினி கிடக்கமாட்டான் என்பது அக்காலத்திலேயே உறுதிப்பட்ட விஷயம்.

பல்லவனீச்சுரத்தில் கண்டெடுத்த பௌத்த விகாரையின் அடித்தளத்தையும் பார்த்தேன். பாலி மொழியில் உரைகள் இயற்றிய புத்ததத்தர் இந்நகரத்து மடமொன்றில் தங்கியிருந்தே எழுதினார். வணிகர் கூடும் இடத்தில் துறவிகளும் கூடுவது வழக்கம். தானம் கொடுக்கக் கை வேண்டுமல்லவா?

பூம்புகார்

சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் ஏழு நிலை மாடத்தையும் உள்ளே சுவரெங்கும் நிறைந்திருக்கும் சிற்பங்களையும் பார்த்துவிட்டு, மணலில் கால் புதையக் கடலை நோக்கி நடந்தேன். கரையெங்கும் அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். காவிரி சங்கமமாகும் இடத்தைக் கேட்டறிந்து போனால், குடகிலிருந்து இத்தனை தூரம் வந்த ஆறு ஒரு வாய்க்கால் அளவுக்கு மெலிந்து, வெட்கப்பட்டாற்போல் கடலில் இறங்குகிறது. இந்த வாயின் வழியாகத்தான் பாய் இறக்காமலே பெருங்கலங்கள் உள்ளே வந்தன என்று பாட்டில் படிக்கிறோம்.

பெரிப்ளஸ் என்ற நூலை எழுதிய கிரேக்க மாலுமி இதனைக் கமரா என்றும், தாலமி கபேரிஸ் என்றும் குறித்தார்கள். உறையூர்ப் பக்கத்து மெல்லிய பருத்தித் துணியையும் அந்த மாலுமி அறிந்திருந்தான். வருஷந்தோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமாபுரியில் பிளினி அங்கலாய்த்தான். அந்தப் பணம் ஒரு வெறும் மணற்கரைக்கா வந்தது? மேற்கு மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்தும், ஈழத்து உணவும், கடாரத்துச் சரக்கும் வந்து குவிந்த கரைக்கு வந்தது. அப்படிக் குவிந்தவற்றுள் புகாரிலேயே விளைந்தது எது என்று பார்த்தால், மீனும் உப்பும் தவிர மிகக் குறைவு. அளந்தறிய முடியாத அப்பண்டங்களைச் சுங்கச்சாவடியில் நிறுத்தி, சோழனின் புலி முத்திரையைப் பொறித்து வெளியே விட்டார்கள். வாங்கும்போது ஒரு படி கூட்டியும் விற்கும்போது ஒரு படி குறைத்தும் அளக்கின்ற வழக்கம் அவ்வூர் வணிகரிடம் இல்லையென்றும், தங்களுக்கு வரும் லாபத்தையும் ஒளிக்காமல் சொல்லியே விற்றார்கள் என்றும் பட்டினப்பாலை புகழ்கிறது. கவியின் புகழ்ச்சியில் நூற்றுக்குச் சிறிது தள்ளுபடி செய்தாலும், மிச்சமே போதும். மலைமேல் உள்ளவன் தன் மிளகை ஏன் இத்தனை காதம் கீழே அனுப்பினான்? தன் சரக்குக்கு இங்கே நியாயமான எடை கிடைக்கும் என்று நம்பியதனால் அனுப்பினான். துறைமுகத்தின் செல்வம் துறைமுகத்தில் பிறப்பதன்று. ஆழமான நீரும் அமைதியான கழியும் எத்தனையோ இடங்களில் உண்டு. உள்நாட்டுக் கைகள் எந்தக் கரையை நம்புகின்றனவோ அந்தக் கரை நகரமாகிறது.

ஒரு விஷயத்தில் புகார் கொரிந்திலிருந்து வேறுபட்டது. கொரிந்து தானே ஒரு ராஜ்யம். தன் கப்பல்களைத் தானே கட்டியது, தன் குடியேற்றங்களைத் தானே அனுப்பியது. சிசிலியின் சிரக்கூஸ் நகரம் கொரிந்து பெற்ற பிள்ளை. மூன்றடுக்குத் துடுப்புக் கப்பலைக் கிரேக்கர்களுள் முதலில் கட்டியவர்களும் அவர்களே என்று துசிடிடீஸ் எழுதுகிறான். புகாரில் வணிகனுக்கு மதிப்பிருந்தது; மாசாத்துவானுக்கும் மாநாய்கனுக்கும் சிலப்பதிகாரத்தின் முதற்காதையிலேயே இடம் கிடைத்தது; ஆனால் செங்கோல் சோழனிடமே இருந்தது. இது குறையா நிறையா என்று நான் தீர்ப்புச் சொல்ல முன்வரவில்லை. தன்னைத் தானே ஆண்ட கொரிந்தை, கி.மு. 146-இல் ரோமானியத் தளபதி மும்மியஸ் தீயிட்டு, ஜனங்களை அடிமைகளாக விற்றான். நூறு வருஷம் பாழாய்க் கிடந்த அந்த இடத்தை ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் மறுபடி நகரமாக்க வேண்டியதாயிற்று; இரு கடல்களுக்கு நடுவிலுள்ள பூசந்தி எங்கும் போய்விடவில்லை, வாணிபம் அதன்மேல்தான் நடந்தாக வேண்டும். புகாருக்கு அந்தப் பாக்கியமில்லை. இந்திர விழாவை மறந்ததனால் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. காவிரி தன் நீரைக் கொள்ளிடத்துக்கும் மற்றக் கிளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்தது. கரையைக் கடல் அரித்தது. சோழப்பேரரசின் கப்பல்கள் தெற்கே நாகப்பட்டினத்தில் நங்கூரம் பாய்ச்சின. பூசந்தி நிலைத்து நின்றது, ஆற்றின் வாய் நிலைக்கவில்லை.

மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. வலைகளிலிருந்து கொட்டிய மீன் குவியல்களைச் சுற்றிலும் வியாபாரிகள். ஏலக்காரர் ஒரே மூச்சில் தொகையைக் கூறிக்கொண்டே போகிறார். ஒருவர் கண்ணைச் சிமிட்டுகிறார், மற்றவர் விரலை உயர்த்துகிறார், அதற்குள் ஒரு குவியல் கைமாறிவிடுகிறது. கூடை வியாபாரம் செய்யும் ஓர் அம்மாள் மட்டும் தான் வாங்கிய பெட்டியை எடுத்துக்கொள்ள மறுத்து நின்றார்.

"ஐஸ் தண்ணியோட சேத்து நிறுத்தா எப்படி அண்ணே? வடிய விட்டு நிறுங்க."

"வடிச்சுதாம்மா வெச்சோம்."

"எனக்கு முன்னாடி வடிக்கல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏலக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைச் சாய்த்தார். மணலில் தண்ணீர் ஓடிற்று. அது வழிந்து நிற்கும்வரை அம்மாள் அசையவில்லை. மறுபடி தராசில் ஏற்றியபோது முள் சற்றே பின்வாங்கியது. அந்த வித்தியாசத்துக்குரிய பணத்தைத் தொகையிலிருந்து கழித்துக்கொண்ட பிறகே அவர் மடியிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணினார். எண்ணியதை ஏலக்காரரும் ஒருமுறை எண்ணினார். சீர்காழிச் சந்தைக்குப் போகும் வண்டி ஓரமாக நின்று ஹாரன் அடித்தது. மீன்பெட்டியை மேலே தூக்கி விடுவதற்கு, சண்டை போட்ட அந்த ஏலக்காரரே வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.